ரோஜா டயலின் பின்பக்கம்

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அக்காவின் எண்ணிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தபோது முத்திரைக்காரர் அதை உடனே எடுக்கவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அத்தான் இறந்த செய்திகூட அக்கா மகள் மூலமாகத்தான் அவருக்கு வந்திருந்தது. அன்றைக்குப் போனார். தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்.

அக்கா நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“அவரோட வாட்சுக்கெல்லாம் விலை போடணும். நீ வா.”

அவர் ஏதோ சொல்லத் தொடங்குமுன், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

முத்திரைக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். கடைகடையாய் ஏறித் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் பறிமுதல் செய்வார். கைநீட்டி ஒரு காசு வாங்காதவர். அந்த நேர்மையோடு கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டது: தான் சொன்னால் சொன்னதுதான் என்கிற எண்ணம். “இவர் உப்பு கம்மின்னு சொன்னாக்கூட நோட்டீஸ் குடுத்த மாதிரி இருக்கும்” என்று அவர் மனைவி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். ஆனால் மாறமாட்டார்.

பழைய பாக்கெட் கடிகாரப் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்தது அத்தான்தான். அத்தான் சாயப்பட்டறையில் நிறம் கலக்கிறவர். விரல் இடுக்கில் எப்போதும் ஒரு நீலமோ சிவப்போ மிச்சம் இருக்கும். அவர் கடிகாரத்தில் நேரம் பார்த்ததே கிடையாது, நிறம் பார்ப்பார். நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முந்தைய பாக்கெட் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றின் டயல் வெள்ளைதான், எழுத்து கறுப்புதான். ஆனால் சில கம்பெனிகள் கொஞ்ச காலம் ஆசைக்கு வேறு மாதிரியும் செய்தன. ரோஜா நிறம், வான நீலம், பாசிப் பச்சை, ஓரத்தில் பொன்னில் கொடி, நடுவில் சின்னச் சின்னப் பூ. செப்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைத் தூவிச் சூளையில் உருக்கி எடுத்த டயல்கள் அவை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தடவை சூளைக்குள் போய் வர வேண்டும். ஐந்தாவது தடவை வெடித்தால் முந்தைய நான்கும் வீண்.

“இந்த ரோஜா நிறத்துக்குத் தங்கம் போட்டிருப்பான், மாப்ள. தங்கத்தைக் கரைச்சாத்தான் இந்த நிறம் வரும்” என்று அத்தான் சொன்னபோது முத்திரைக்காரர் நம்பவில்லை. இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து தேடி, உண்மைதான் என்று கண்டுகொண்ட பிறகே நம்பினார். அப்படிப்பட்டவர்.

பத்தொன்பது வருஷம் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழைய சாமான் சந்தைக்குப் போனார்கள். ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஏங்கினார்கள், யார் வாங்கினாலும் இருவர் வீட்டுக்கும் அது போய் வந்தது. அத்தானுக்கு நிறம் தெரியும். இவருக்கு எண்ணும் அளவும் தெரியும். சேகரிப்பாளர் சங்கத்தில் இந்த இரண்டு பேரையும் சேர்த்தே ஓர் ஆளாகக் கணக்கிடுவார்கள்.

வண்ண டயல் கடிகாரத்தில் ஒரு வம்பு உண்டு. டயல் ஒன்றுக்காகவே விலை பத்து மடங்கு ஏறும் என்பதால், வியாபாரிகள் அதை ஒரு கடிகாரத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிவிடுவார்கள். டயலும் உள்ளே இருக்கும் மெஷினும் தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே புறப்பட்டவையா, பிறகு யாரோ சேர்த்து வைத்தவையா என்பதுதான் விலை போடுகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. சேர்த்து வைத்ததற்குச் சங்கத்தில் ஒரு சொல் இருந்தது: ஒட்டு.

பதினோரு வருஷத்துக்கு முன் முத்திரைக்காரர் ஒரு வெள்ளிக் கடிகாரம் வாங்கினார். மெஷின் உயர்ந்த ரகம். டயல் மட்டும் சாதாரண வெள்ளை, அதுவும் பசை போட்டு ஒட்டியது. மெஷின் எண்ணை வைத்துப் பழைய தொழிற்சாலைப் பட்டியலில் தேடினார். ரோஜா நிற நடுப்பகுதி, நீல ஓரம், பொற்கொடி வேலைப்பாடு கொண்ட டயலோடு அது வெளியே போனதாகப் பதிவு இருந்தது. தன்னுடைய டயலை யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்குத் தூக்கம் போயிற்று. அதற்கடுத்த வாரம் அத்தான் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். ரோஜா நடு, நீல ஓரம், பொற்கொடி. முத்திரைக்காரருக்கு வெள்ளிக் கடிகாரத்தை விற்ற அதே வியாபாரியிடம்தான் வாங்கியிருந்தார்.

“அந்த டயலைக் கழட்டுங்க. பின்னாடி மெஷின் நம்பரைக் கீறியிருப்பான், பாக்கணும்” என்றார் முத்திரைக்காரர். அத்தான் முடியாது என்றார். ஏன் என்று கேட்கவில்லை இவர். மறைக்க ஏதோ இருப்பவன்தான் தராசைக் காட்டமாட்டான் என்பது முப்பது வருஷ அனுபவம். வியாபாரி தன் கடிகாரத்தைப் பிரித்து டயலை அத்தானுக்கு விற்றிருக்கிறான், அத்தானுக்கும் அது தெரியும் என்று முடிவு கட்டினார். அடுத்த கூட்டத்தில், அத்தான் வருவதற்கு முன்பே, எல்லார் முன்னாலும் சொன்னார்: அது ஒட்டு. முத்திரை குத்தியாகிவிட்டது. அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

ஞாயிறு காலை அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. தபால் நிலையத்தில் கடிதங்களை வகைபிரித்து வேலை பார்த்த காலத்திலிருந்தே அவளுக்கு நேராக நிமிர்ந்து நிற்கும் பழக்கம். அது மட்டும் மாறவில்லை. உள்ளே சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தாள். அதன் மேல் வரிசை வரிசையாக நாற்பத்திரண்டு கடிகாரங்கள். எதிரே ஒரு நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.

ஏன் தம்பியைக் கூப்பிட்டாள் என்பதைப் போகிறபோக்கில் சொன்னாள். மகள் வெளிநாட்டில் வீடு வாங்குகிறாள். வாட்சுகளை விற்று அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஏலக் கம்பெனியிலிருந்து ஓர் ஆளை வரவழைத்தாள். அந்த ஆள் எல்லாவற்றுக்கும் நியாயமாகத்தான் விலை சொன்னான், ரோஜா டயலைத் தவிர. அதற்கு மட்டும் இருக்க வேண்டிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு. காரணம் கேட்டதற்கு, இது ஒட்டு என்று வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், சொன்னது முத்திரைக்காரர், அவர் சொன்னதை மீறி யாரும் கை வைக்க மாட்டார்கள் என்றிருக்கிறான். அந்த முத்திரைக்காரர் தன் கூடப்பிறந்தவன் என்று அவள் அவனிடம் சொல்லவில்லை.

முத்திரைக்காரர் கருவிப் பையைப் பிரித்தார். மதியம் வரை நாற்பத்தொன்றையும் பார்த்தார். லென்ஸைக் கண்ணில் பொருத்தி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, விரிசல் இருக்கிறதா, பூ வேலை பிறகு தீட்டியதா, முள் அதே காலத்துதா என்று பார்த்து ஒரு தாளில் எழுதினார். பாதிக்கு மேல் அவர் கூட இருந்து வாங்கியவை. மழைக்கு ஒதுங்கிய கடையில் கிடைத்த பச்சை, பேரம் படியாமல் மூன்று வாரம் அலைந்த நீலம். இடையில் அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிய பிறகு அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியாக ரோஜா டயலைக் கையில் எடுத்தார். அப்போதுதான் அதை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன் பார்த்ததெல்லாம் கோபம் பார்த்தது. ஆறு மணிப் பக்கம், விநாடி முள் சுற்றும் சின்ன வட்டத்துக்கு அருகே, மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. டயலை மெஷினோடு பிடித்திருக்கும் செப்புக் கால்களில் ஒன்று சரியாக அந்தக் கீறலுக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

“இதைக் கழட்டினா உடையலாம், அக்கா” என்றார்.

“தெரியும். ரிப்பேர் பண்றவர் அப்பவே சொல்லிட்டாரு, இனிமே இதைக் கழட்டாதீங்கன்னு. அதனாலதான் அவரு மாட்டேன்னாரு.”

முத்திரைக்காரர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“நீ எங்க கேட்ட? கழட்டுன்னுதானே சொன்ன.” அக்காவின் குரல் உயரவில்லை. “நான் அன்னிக்கு ராத்திரியே அவருகிட்டச் சொன்னேன். உடைஞ்சாலும் பரவால்ல, காட்டிருங்கன்னு. அதுக்கு அவரு, தெரிஞ்சுக்கணும்னு கேட்டிருந்தா காட்டியிருப்பேன், அவன் திருடனைப் பிடிக்க வந்திருக்கான்னாரு. அதுக்கு மேல நான் வற்புறுத்தல. வற்புறுத்தியிருக்கணும். இப்பக் கழட்டு.”

உடைந்தால் விலை பாதியாகிவிடும் என்று சொல்லிப் பார்த்தார். படம் எடுத்து, வேறு அடையாளங்களை வைத்து எழுதலாம் என்றார். அவள் தலையை அசைத்தாள். மகளிடமும் கேட்டுவிட்டாளாம், உடைந்தால் உடையட்டும் என்று அவளும் சொல்லிவிட்டாளாம்.

முத்திரைக்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டார். இரண்டு சிறிய நெம்பிகளால் முட்களைத் தூக்கி எடுத்தார். பின்மூடியைத் திறந்து திருகுகளைத் தளர்த்தி, மெஷினை டயலோடு கூட்டிலிருந்து வெளியே எடுத்தார். விளிம்பில் மூன்று இடத்தில் கடுகளவு திருகுகள். ஒவ்வொன்றையும் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். இரண்டு கால்கள் உடனே விட்டுக்கொடுத்தன. மூன்றாவது, கீறலுக்கு அடியில் இருந்தது, பிடித்துக்கொண்டது. அவர் அவசரப்படவில்லை. ஒரு துளி எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். மறுபடி நெம்பினார். நகம் சொடுக்கியது போல ஒரு சத்தம் வந்தது. டயல் அவர் விரல்களுக்குள் வந்துவிட்டது.

உடையவில்லை. கீறல் மட்டும் ஒரு நெல் நீளம் கூடியிருந்தது.

அதைத் திருப்பினார். செப்புத் தகட்டின் மேல் சாம்பல் நிற எனாமல் பூச்சு. அதில் யாரோ ஊசியால் கையெழுத்துப் போலக் கீறியிருந்தார்கள், எட்டு இலக்கம். தன் வெள்ளிக் கடிகாரத்தின் எண் அவருக்குத் தன் பிறந்த தேதி மாதிரி. நானூற்றுப் பதினெட்டில் முடியும். இது அறுநூற்று ஐம்பத்து மூன்றில் முடிந்தது. மேசையில் கிடந்த மெஷினைப் பார்த்தார். தகட்டில் செதுக்கியிருந்த எண்ணும் அறுநூற்று ஐம்பத்து மூன்றில் முடிந்தது.

இன்னொரு தடவை பார்த்தார். ஏழாவது இலக்கம் வேறு எதுவாகவாவது இருக்கக்கூடாதா என்று பார்த்தார். அவர் அதிகாரியாக இருந்த காலத்தில் எத்தனையோ கடைக்காரர்கள் தராசு முள்ளை இப்படித்தான் கெஞ்சுகிற கண்ணோடு பார்த்ததுண்டு. அப்போது அவருக்கு அவர்கள் மேல் எரிச்சல்தான் வரும். அந்த அறையில் லென்ஸ் இருந்தது அவர் ஒருவர் கண்ணில்தான். எண் தேய்ந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்று சொன்னால் அக்காவால் மறுக்க முடியாது. அந்த நினைப்பு வந்து நின்றது. வந்ததற்காகவே அவருக்கு உடம்பு கூசியது.

“வாசி” என்றாள் அக்கா.

அவர் டயலின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். பிறகு மெஷினின் எண்ணையும் வாசித்தார். அவள் இரண்டு எண்ணையும் துணிமேல் எழுதிப் பார்ப்பதுபோல விரலை அசைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுதானே?”

“ஒண்ணுதான். ஒட்டு இல்ல, அக்கா. ஆரம்பத்திலேருந்தே இது இதோடதுதான்.”

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. முத்திரைக்காரர் எழுந்து போகலாமா என்று நினைத்தார். அந்த வீட்டில் எழுந்து உள்ளே போகும் உரிமை தனக்கு இல்லை என்று தோன்றியது. டயலை மறுபடி பொருத்தத் தொடங்கினார். திருகு இரண்டு தடவை இடுக்கியிலிருந்து நழுவித் துணியில் விழுந்தது. முட்களைப் பூட்டி முடிக்கும்போது அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

அவர் தாளில் எழுதினார். டயலும் மெஷினும் ஒரே எண் கொண்டவை. தொழிற்சாலையில் பூட்டியபடியே உள்ளவை. ஆறு மணிப் பக்கம் பழைய கீறல். இன்று சோதனைக்காகக் கழற்றியபோது என் கையால் அது நெல்லளவு நீண்டது. அதற்குக் கீழே விலை. ஏலக்காரன் சொன்னதைப்போல் ஐந்து மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. கையெழுத்துப் போட்டு அக்காவிடம் நீட்டினார்.

அவள் முழுவதையும் படித்தாள். பிறகு சொன்னாள்:

“இதை நான் வச்சுக்கிட்டு என்ன செய்ய? எனக்கு அப்பவே தெரியும், அவரு பொய் சொல்றவர் இல்லன்னு. நீ யாருகிட்ட ஒட்டுன்னு சொன்னியோ அவங்ககிட்டப் போய்ச் சொல்லு.”

மாதக் கூட்டம் அடுத்த சனிக்கிழமை மாலை. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவருடைய மருத்துவமனை மாடியில்தான் கூடுவார்கள். பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியால் கடிகாரத்தின் உள்ளே எட்டிப் பார்க்கிற மனிதர். “கடிகாரம் வாயைத் திறந்து கத்தாது, அதனால இதுதான் எனக்குப் பிடிச்ச நோயாளி” என்பது அவருடைய வழக்கமான வேடிக்கை. அன்றைக்குப் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். வேறு பேச்சு தொடங்குமுன் முத்திரைக்காரர் எழுந்தார்.

பேசுவதற்காக எழுதிக்கொண்டு போயிருந்த தாளைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அத்தானின் ரோஜா டயலைக் கழற்றிப் பார்த்ததையும், இரண்டு எண்களையும், அவை ஒன்றாக இருந்ததையும் சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன் இதே அறையில் தான் சொன்னது தவறு என்றார். பார்க்காமல் சொன்னேன், பார்த்தது போலச் சொன்னேன் என்றார். அவ்வளவு நாளில் அவர் தன்னைப் பற்றி ‘தவறு’ என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

பல் டாக்டர் நல்ல மனசுக்காரர், சமாளிக்கப் பார்த்தார். பழைய கதை, எல்லாருக்கும் கண் தப்புவது உண்டு, விட்டுவிடலாம் என்றார். முத்திரைக்காரர், கண் தப்பவில்லை, கண்ணை வைக்கவே இல்லை என்று சொல்லி உட்கார்ந்தார்.

அப்போது மூலையிலிருந்த ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். கூட்டத்தில் அதிகம் பேசாதவர்.

“நீங்க சொல்லிட்டுப் போன பிறகு அடுத்த மாசம் நீங்க வரல. உங்க அத்தான் வந்தாரு. அந்த வாட்சக் கொண்டுவந்து இதே மேசையில வச்சாரு. ஒண்ணும் சொல்லல, சும்மா வச்சாரு. வழக்கமா புதுசா ஒண்ணு வந்தா ஆளாளுக்குக் கையில வாங்கிப் பாப்போமே. அன்னிக்கு யாரும் எடுக்கல. நானும் எடுக்கல. கூட்டம் முடியுற வரைக்கும் அது அங்கேயே இருந்துச்சு. அப்புறம் துடைச்சுப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அவரு இங்க வரவே இல்ல.”

முத்திரைக்காரர் அந்த மேசையைப் பார்த்தார். மரப்பலகைக்கு மேல் பச்சை விரிப்பு, ஒரு தண்ணீர்ச் சாடி, யாரோ வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடிக் கூடு. இரண்டு மணி நேரம் அதன் முன்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்திருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்து, அடடா என்று ஒருவராவது சொல்வார் என்று காத்திருந்திருக்கிறார். முத்திரைக்காரர் மூக்கைச் சிந்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிரவு அவர் தன் சேகரிப்புப் பட்டியலைத் திறந்தார். வெள்ளிக் கடிகாரத்துக்கு நேரே, ‘டயல் இதற்குரியதல்ல, அசல் டயல் எங்கே என்று தெரியாது’ என்று எழுதினார். எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர் பெட்டியில் அது இருக்கலாம். எப்போதோ உடைந்து குப்பைக்குப் போயிருக்கலாம். இனிமேல் தேடுவதில்லை என்று முடிவு செய்தார்.

இரண்டு மாதத்தில் ஏலம் நடந்தது. அவர் எழுதிக் கொடுத்த தாளின் நகல் ரோஜா டயல் கடிகாரத்தோடு கூடவே வைக்கப்பட்டிருந்தது, கீறலை நீட்டியது யார் என்பது உட்பட. கேட்கிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் கேட்டார்கள். அவர் போட்ட விலைக்கும் மேலே போய், ஜவுளிக்கடைக்காரர் எடுத்தார். பணம் மகளுக்குப் போனது. அக்கா எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. வாட்ச் வீட்டில் இருந்தால் அத்தான் தேடி வருகிற மாதிரியே இருக்கிறது என்று மகளிடம் சொன்னாளாம்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க முத்திரைக்காரர் இரண்டு தடவை வாயெடுத்தார். இரண்டு தடவையும் அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். “எங்கிட்டக் கேட்டு என்ன ஆகப்போகுது? கேக்க வேண்டிய ஆள் போயாச்சு. நீ வா, உக்காரு, போ. அவரப் பத்தி மட்டும் இப்ப எங்கிட்டப் பேசாத” என்றாள்.

அவர் போனார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து மணிக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலில் அவள் கதவைத் திறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவர் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்புவார். மூன்றாவது வாரம் தேநீர் சூடாக இருக்கும்போதே எடுத்துக் குடித்தார். நாலாவது வாரம் அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைக் குத்தி அடைப்பெடுத்தார். நன்றாகத் தண்ணீர் போகிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

ஆறோ ஏழோ வாரம் கழித்து ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தாள். அத்தானுக்குக் கடைசி மாதங்களில் சிறுநீரகம் கெட்டது, வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் படுத்தபடி இரத்தம் சுத்தம் செய்துகொண்டது, அந்த நாலு மணி நேரமும் அவர் பக்கத்துக் கட்டில்காரருக்கு நிறங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்தச் செவிலியின் சட்டை எந்தச் சாயம், எத்தனை துவைப்பில் போகும் என்று பந்தயம் வைத்தது. ஒரு நாள் பந்தயத்தில் தோற்றுச் சிரித்தது. முத்திரைக்காரர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். இடையில் அவள் ஒரு தேதியைச் சொல்லி, அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்றாள். அது செவ்வாய்க்கிழமையாக இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அவர் திருத்தவில்லை. அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும், துணியெல்லாம் மடித்து முடிகிற வரைக்கும், அவர் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.